தப்பு செய்தவனை நாயகன் என்று சொல்லலாமா? கோவலனை வைத்துப் பார்ப்போம்

கட்டிய மனைவியை விட்டுவிட்டு மாதவி வீடே கதி என்று கிடந்து, பரம்பரைச் சொத்தையெல்லாம் கரைத்த கோவலனை எப்படி நாயகன் என்பது என்று சிலப்பதிகாரம் படிக்கிற பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொல்லலாம் என்பது என் கட்சி, ஆனால் அங்கே எந்த வழியாகப் போய்ச் சேருகிறோம் என்பதுதான் முக்கியம்.

முதல் வேலை, நல்லதையும் கெட்டதையும் தட்டில் வைத்து எடை போடுவதை நிறுத்துங்கள். தானம் வாங்க வந்த கிழ அந்தணரை மதயானை பிடித்துக்கொள்ள, கோவலன் அதட்டிக்கொண்டு பாய்ந்து அவரை விடுவித்து, தந்தங்களுக்கு நடுவே புகுந்து, பிடரியில் ஏறி யானையை அடக்குகிறான். சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதியான அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் இதைச் சொல்லி அவனைக் 'கருணை மறவ' என்று கூப்பிடுகிறான். ஆனால் இது எப்போது நடந்தது பாருங்கள்: மாதவி பெற்ற குழந்தைக்கு மணிமேகலை என்று பெயர் வைத்த நாளில். அந்த நேரத்தில் கண்ணகி தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். யானை முன்னால் காட்டிய வீரம் அவளுக்கு எந்த வகையில் ஈடு?

அப்புறம், தன் தப்பைப் பற்றி அந்தப் பாத்திரமே என்ன சொல்கிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகியிடம் திரும்பி வரும் கோவலன், வஞ்சகி ஒருத்தியோடு சேர்ந்து செல்வம் போயிற்று, இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். பழி மாதவிமேல், வெட்கம் பணம் போனதற்கு. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைப் படித்ததும், அவள்மேல் தீதில்லை, இது 'என் தீது' என்று உணர்கிறான். கொலைக்களக் காதையில், சிலம்பு விற்கக் கிளம்பும் முன், வீணர்களோடு கூடிச் சிரித்துத் திரிந்ததையும், பெற்றோர் சொல் தவறியதையும், உனக்குச் சிறுமை செய்ததையும் கண்ணகி முகத்துக்கு நேராகச் சொல்கிறான். மூன்று இடம், மூன்று வேறு மனிதர்கள் பேசுகிற மாதிரி இருக்கும். கோவலனை நாயகனாக்குவது இந்த நகர்வுதான்.

வெட்கப்படுவதை மட்டும் வைத்து ஏமாந்துவிடாதீர்கள். கம்பனின் ராவணனும் முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும்போது வெட்கப்படுகிறான், எதற்கு என்றால் சீதை சிரிப்பாளே என்று. விபீடணன் சொல்லியும் கும்பகர்ணன் சொல்லியும் அவளை விடவில்லை. பிரம்மாண்டமான பாத்திரம்தான், ஆனால் நான் அவனை நாயகன் வரிசையில் வைக்க மாட்டேன்.

அடுத்தது, அடிபட்டவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், அவருக்கு முந்திக்கொண்டு நாம் மன்னிக்கக் கூடாது. கோவலன் அத்தனையும் சொன்ன பிறகும் கண்ணகி 'பரவாயில்லை' என்று சொல்வதில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்கிறாள், பெரியோர் மதிக்காத காரியத்தைச் செய்தீர்கள் என்று. சொல்லிவிட்டுத்தான் சிலம்பைத் தந்து அனுப்புகிறாள், பிறகு அவனுக்காகப் பாண்டியன் சபையிலும் போய் நிற்கிறாள். அவள் நின்றதால் நானும் அவன் பக்கம் நிற்கிறேன்.

சரி, மாதவி? அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறானே தவிர, அவளுக்கு ஒரு வரி பதில் இல்லை. இதை மூடி மறைத்துவிட்டுக் கோவலனைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கண்ணகிக்கு அவன் திரும்பி வந்து சேர்ந்த நாயகன். மாதவிக்கும் அந்தக் குழந்தைக்கும் அவன் திரும்பி வரவே இல்லை.