பெட்டியைப் பூட்டாதீர், கட்டையை ஒட்டாதீர்: லெகோ பிடித்த பெரியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் கூரியர் வண்டி நின்றால் எதிர்வீட்டு மாமா கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்கா?" முதல் ஓராண்டு முழுவதும் "ஆமாம் மாமா, அக்கா மகனுக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். அக்கா மகன் பினாங்கில் இருக்கிறான். அவனுக்குப் பந்து போதும், ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகள் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன் விளையாட்டுச் சாமான் வாங்குகிறான் என்று ஊர் பேசுமே என்ற கூச்சம் எனக்கு. இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த முதல் தவறும், கடைசிவரை என்னைத் துரத்திய தவறும் அந்த ஒளிவுமறைவுதான். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையில் லெகோவின் பிறப்பு நம்மவர்களுக்கு அந்நியமான கதையில்லை. டென்மார்க்கின் பிலுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம்; தச்சு வேலை வற்றிவிட்டது. அதே மந்தத்தில்தான் ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இன்று நாம் கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் பொருந்துகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பெரிய பெட்டியில். ஈப்போவுக்குப் போகிறோம், பேரங்காடியின் கண்ணாடிக்குப் பின்னால் ஈபிள் கோபுரம் நிற்கிறது, போனஸ் பணம் பையில் இருக்கிறது. 2022-இல் வந்த அந்தத் தொகுப்பில் 10,001 துண்டுகள். கட்டி முடித்தால் ஏறக்குறைய 149 சென்டிமீட்டர் உயரம். விலை 2,000 மலேசிய வெள்ளிக்கு மேல். அதை வாங்குகிற யாரும் வீட்டில் அளவுநாடாவை எடுத்துப் பார்ப்பதில்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சி, ஷோகேஸ், சாமி மேடை போக மீதி இடம் எவ்வளவு? பெட்டியில் 18+ என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பெரியவர்களுக்காக வடிவமைத்தது என்றுதான் அதற்குப் பொருள், பெரிதாக வாங்கு என்றல்ல. முந்நூறு, நானூறு துண்டுகள் கொண்ட இரண்டு மூன்று தொகுப்புகளைக் கட்டிப் பாருங்கள். கட்டுவது பிடிக்கிறதா, கட்டியதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். இரண்டுக்கும் வாங்க வேண்டியவை வேறு.

அடுத்தது, "பிரிக்காமல் வை, தங்கம் மாதிரி ஏறும்" என்ற உபதேசம். உற்பத்தி நின்ற சில தொகுப்புகள் விலை ஏறுவது உண்மைதான். ஆனால் 2008-இல் வந்த தாஜ்மகாலைப் பாருங்கள். 5,922 துண்டுகள். உற்பத்தி நின்றபின் வாய்க்கு வந்த விலை சொல்லி விற்றார்கள். 2017-இல் அதே தாஜ்மகால் ஏறக்குறைய அப்படியே மறுபடி வெளிவந்தது. பழைய பெட்டியைக் கட்டிக் காத்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு பங்காளியும் உண்டு: கரையான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு பெட்டிகளைப் பழைய மர அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து இழுத்தபோது அட்டை கையோடு உதிர்ந்தது. வழிகாட்டிப் புத்தகங்கள் மண்ணாகியிருந்தன. பிளாஸ்டிக் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை அவர் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை.

வெயிலையும் விளக்குப் புகையையும் பற்றி ஒரு வார்த்தை. கட்டைகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், நீலம் பச்சை தட்டும். மேற்குப் பார்த்த சன்னலோரம் அலமாரி வைக்காதீர்கள். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் சேர்ந்து படிய வைக்கும் பிசுபிசுப்பில் தூசி ஒட்டினால் தூரிகைக்கு வராது. கழுவ வேண்டுமானால் 40 பாகை செல்சியசைத் தாண்டாத நீர், கொஞ்சம் சோப்பு, கை. சலவை இயந்திரமும் கொதிநீரும் கூடாது. கழுவியதை மத்தியான வெயிலில் பாயில் பரப்புவது நம் பழக்கம். வடகம் காய வைக்கிறோமா என்ன? நிழலில் துண்டு விரித்துக் கவிழ்த்து வையுங்கள். கட்டையின் அடிக்குழாய்க்குள் தங்கும் நீர் வடிய ஓரிரவு ஆகும்.

இனி, எனக்கு மூன்று மாதங்களைத் தின்ற தவறு. கட்டைகள் சேர்ந்ததும் நிறவாரியாகப் பிரித்தேன். சிவப்புக்கு ஒரு மைலோ டின், கறுப்புக்கு ஒரு டின், பழுப்புக்கு ஒன்று. வரிசையாக வைத்தபோது மளிகைக்கடை போல அழகாக இருந்தது. பிறகு ஓர் இரவு, கறுப்பு டின்னுக்குள் மேலே துருத்தும் குமிழ் இரண்டு கொண்ட ஒரு கறுப்புத் தட்டையை, அதாவது உயரம் குறைந்த மெல்லிய கட்டையைத் தேடினேன். இருட்டுக்குள் இருட்டு. எல்லாத் துண்டும் ஒரே நிறமானதால் விளிம்பு தெரியவில்லை. விரலால் துழாவி, கைவிளக்கு அடித்து, கடைசியில் எல்லாவற்றையும் செய்தித்தாளில் கொட்டினேன். இருபது நிமிடம் ஒரு துண்டுக்கு. கண் நிறத்தை நொடியில் பிடிக்கும். ஒரே நிறக் குவியலில் வடிவத்தைப் பிடிக்கத் திணறும். எனவே வடிவவாரியாகப் பிரியுங்கள். தட்டைகள் ஓரிடம், சரிவுகள் ஓரிடம், சக்கரங்கள் ஓரிடம். எல்லா நிறமும் கலந்த தட்டைக் குவியலில் கறுப்பு தானே கையில் வந்து விழும். ஆயிரம் இரண்டாயிரம் துண்டுகள்தான் இருக்கின்றன என்றால் இதுகூட வேண்டாம், பிரிப்பதே வேலையாகிவிடும்.

ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டைகளைப் பல்லால் பிரிக்காதீர்கள். தட்டையில் பல் தடம் விழும், பல்லுக்கும் கேடு. பெரிய தொகுப்புகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெம்புகோல் வரும். "இது எந்தப் பக்கத்துக்குத் துண்டு?" என்று தேடிச் சலித்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது பிரிப்பதற்கான கருவி. இரண்டு கருவிகளை மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டி அழுத்தினால் எந்தத் தட்டையும் கழன்றுவிடும். பசையும் வேண்டாம். கட்டை பிடித்துக்கொள்வதே அதன் சிறப்பு. ஒட்டிவிட்டால் அது வெறும் பொம்மை.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எடைக்கு விற்கும் பழைய கட்டைகளை வாங்குவதில் தப்பில்லை. வாங்கியதும் அப்படியே டின்னில் கொட்டுவதுதான் தப்பு. அசல் கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். அது இல்லாததைத் தனியே எடுத்து வையுங்கள். கட்டையின் அடிப்படைக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் பிற நிறுவனங்கள் பொருந்தும் கட்டை செய்வது குற்றமில்லை, அவற்றில் நல்லவையும் உண்டு. ஒரு தொகுப்பை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு கதை. பழைய குவியலில் செம்பழுப்புத் துண்டுகளை மட்டும் மென்மையாகக் கையாளுங்கள். பழைய செம்பழுப்பு எளிதில் விரிசல் விடும் என்பது சேகரிப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. ரப்பர் மரம் கட்ட நினைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆம், ரப்பர் மரம். வழிகாட்டிப் புத்தகத்தை விட்டு வெளியே வராமலே இருப்பதும் ஒரு தவறுதான் என்று தோன்றி, நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைக் கட்டத் தொடங்கினேன். சாதாரணமாகக் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினால் அது செங்கல் சுவர் போலிருந்தது. எங்கள் லயமோ பலகைச் சுவர். தட்டைகளை அடுக்கி அப்படியே பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் செங்குத்துப் பலகைகள் கிடைக்கும். இங்கேதான் கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6, தட்டையின் உயரம் 3.2, மூன்று தட்டை ஒரு கட்டை. அப்படியென்றால் ஐந்து தட்டையின் உயரம் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். ஆறு குமிழ் இடைவெளிக்குப் பதினைந்து தட்டை போதும். நான் பதினாறை வைத்து அழுத்தினேன். 3.2 மில்லிமீட்டர்தானே என்ற அலட்சியம். நுழைந்தது, மறுநாள் காலை சுவர் வில்லாக வளைந்து நின்றது, மூலைக் கட்டையில் வெள்ளையாக ஒரு கோடு. பொருந்தாததை அழுத்திப் பொருத்தினால் பிளாஸ்டிக் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

சுவரைப் பதினைந்துக்குக் குறைத்து, லயத்துக்குப் பின்னால் நாற்பது ரப்பர் மரங்களை நேர்வரிசையில் நட்டேன். தோட்டக்காட்டைக் கட்டுவதில் இது ஒரு வசதி. மரங்களை வெள்ளைக்காரன் ஏற்கெனவே கட்டம்போட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொரு மரத்திலும் பக்கக் குமிழில் ஒரு கவ்வி, அதில் சாய்வாக ஒரு மெல்லிய குச்சி, அதுதான் வெட்டுக்கோடு. அதன் தாழ்ந்த முனையில் ஒரு வெள்ளை வட்டத் துண்டு, அதுதான் பால் வடிந்து விழும் மங்கு. கூச்சத்தை ஒருவழியாக விட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, லயத்தை விட்டுவிட்டு மரத்தையே பார்த்தார்.

"தம்பி, யார் வெட்டிய மரம் இது?"

"ஏன் பாட்டி?"

"கோடு இடப்பக்கம் மேலே ஏறி வலப்பக்கம் இறங்க வேண்டும். நீ வலப்பக்கம் ஏற்றி வைத்திருக்கிறாய். கொஞ்சம் பால் மரத்திலேயே நின்றுவிடும். கங்காணி பார்த்தால் அன்றைய வேலைக்குப் பேரைப் போடமாட்டார்."

பால்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாகப் போவதில்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடம் உயர்ந்து வலம் தாழ வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். ஓராண்டாக நான் ஒளித்து ஒளித்துக் கட்டியதை அவர் ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டார். மறுநாள் மாலை தேநீரோடு வந்து உட்கார்ந்தார். நான் கவ்விகளைத் திருப்பினேன், அவர் மங்குகளைப் பிடுங்கி வலப்பக்கம் மாற்றினார். நாற்பது மரத்தில் இருபத்தாறு முடிந்திருக்கிறது.