பழைய லாரிக்கு மைலேஜ் வாங்கப் போகிறீர்களா?

வண்டி பத்து வயதைத் தாண்டிவிட்டால் போதும், "இதை மாட்டுங்கண்ணா, மைலேஜ் ஏறும்" என்று யாராவது வந்துவிடுவார்கள். நானும் ஏமாந்தவன்தான். டீசல் டியூபில் மாட்டும் காந்தக் கட்டை ஒன்று வாங்கினேன். இரண்டு மாதத்தில் மெக்கானிக் அதைக் கழற்றி டூல்ஸ் பெட்டியில் போட்டார். இப்போது கீழே விழும் நட்டு பொறுக்க உதவுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரிச் சாமான்களில் நூற்றுக்கும் மேல் ஆராய்ந்து, மிகச் சிலதில் மட்டும் கொஞ்சம் பலன் கண்டது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

காந்தம் சின்ன நஷ்டம். பெரிய பணம் போவது, நல்ல சாமானை நம் ஓட்டத்துக்குப் பொருந்தாமல் வாங்கும்போது. ரேடியல் டயர் செட், டீசல் பம்பு வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் செலவு, மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டரிலிருந்து 4.2 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 கிலோமீட்டர் வெளியூர் ஓடும் சங்ககிரி லைன் வண்டிக்கு 60 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 5,500. இரண்டே கால் வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். அதே வண்டி சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் என்று உள்ளூரிலேயே மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 24 லிட்டர்தான். பணம் திரும்ப ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். எட்டு வயதுக்கு மேல் வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. அதுவரை வண்டி நம்மிடம் இருக்குமா, காயலான் கடையில் இருக்குமா?

ரூட்டையும் பார்க்க வேண்டும். கேபின் மேல் காற்றை ஒதுக்கிவிடும் தடுப்பு வைப்பது நாற்கர சாலையில் சீராகப் போகும் வண்டிக்குத்தான். வேகம் பாதியானால் காற்றின் எதிர்ப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அதனால் என்ன பயன்? வண்டியும் லோடுமாகப் பத்து டன்னை 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 9 லிட்டர் டீசல் வேண்டும். அதை எந்தச் சாமானும் குறைக்காது.

புதுசு வாங்கும் முன் பழசைப் பாருங்கள். டிரிப் முடிந்து டீக்கடையில் நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது என்று சந்தேகப்படலாம். ஏர் ஃபில்டர் அடைப்பு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் ஒழுகல், டயர் காற்று எல்லாம் சில்லறைச் செலவு. என் வண்டியில் கரும்புகை நின்றது நாசில் பார்த்த பிறகுதான்.

அப்புறம், அளக்கும் விதம். ஃபுல் டேங்க் அடித்து ஒரே ஒரு டிரிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அதே பங்க், அதே ரூட், ஏறக்குறைய அதே லோடு என்று நாலைந்து டிரிப் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இதில் ஒரு வேடிக்கை: தேய்ந்த டயர் கூடுதலாகச் சுற்றுவதால் கிலோமீட்டர் மீட்டர் ஏற்றிக் காட்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயரில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்தாலே 2 சதவீதம் வித்தியாசம். புது டயர் போட்டதும் "மைலேஜ் குறைஞ்சிடுச்சு" என்று டிரைவர் சொன்னால் திட்டாதீர்கள்.

செலவே இல்லாத மைலேஜ் என்று தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்களே, அது கணக்கிலும் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும், எஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும், முழு பாரமும் பிரேக்கில் விழும். அந்த இறக்கத்தில் சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் எதிரே நிற்பது யாருடைய கார் என்று யாருக்குத் தெரியும்?