பிரேக் வேலையில் எதைத் திரும்பப் போடலாம், எதைப் புதுசாகத்தான் போட வேண்டும்

பைக் டிஸ்க் பிரேக்கில் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றலாம் என்று, அந்தப் பேடையும் அதைத் தள்ளும் பிஸ்டனையும் தாங்கும் கேலிப்பரைக் கழற்றி, போல்ட், பின், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பி வைத்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும்: எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே போட்டுவிடலாமா? எனக்கு ஒரே கணக்குதான். நசுங்கியோ வளைந்தோ வேலை செய்கிற பொருள் என்றால் புதுசு வேண்டும். சும்மா பிடித்துக்கொண்டோ வழுக்கிக்கொண்டோ இருக்கிற பொருள் என்றால் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

முதலில் வாஷர். பிரேக் ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும், ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டில் கோத்திருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷரைச் சொல்கிறேன். இறுக்கும்போது அது நசுங்கி, உலோகப் பரப்பில் இருக்கும் பொடிக் கீறல்களை நிரப்புவதால்தான் பிரேக் ஆயில் கசியாமல் நிற்கிறது. ஒருமுறை நசுங்கியதும் செம்பு கெட்டிப்பட்டுவிடும். பழைய வாஷரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வட்டமாக ஒரு பள்ளம் தட்டும். நானும் ஒருமுறை பழையதையே போட்டேன், லீவர் கல்லு மாதிரி நின்றது, மறுநாள் காலையில் போல்ட்டுக்கு அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்றுதான் கை போகும். முறுக்காதீர்கள், ஆயில் போவதற்காக அந்தப் போல்ட் நடுவில் துளையோடு இருக்கிறது, அதிகம் முறுக்கினால் உடைந்துவிடும். செம்பைச் சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும் என்பது உண்மைதான், ஆனால் புது வாஷர் போடுவதே நிம்மதி.

போல்ட்டோ பின்னோ கழன்று வராமல் துளையில் கோத்து, முனையை விரித்து மடக்கும் ஸ்பிளிட் பின்னும் அப்படித்தான், ஒருமுறை விரித்து மடக்கியதை மறுபடி போட வேண்டாம். கிளிப் இறுக்கமாகக் கவ்வினால் போடலாம்.

பேடைத் தாங்கும் பேட் பின்னைத்தான் நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. பேட் தொங்கும் இடத்தில் பின் தேய்ந்து படி விழுந்திருக்கும், பேட் அந்தப் படியில் மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். லேசான துரு என்றால் எமரி பேப்பர் போதும். நகத்துக்குப் படி தட்டினால் பின்னை மாற்றுங்கள். அப்புறம், மரை உள்ள பின் என்றால், கேலிப்பர் வண்டியில் இருக்கும்போதே அதைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், கையில் பிடித்துக்கொண்டு திருப்பினால் தலை தேய்ந்துவிடும்.

கேலிப்பர் போல்ட்டை மரை நன்றாக இருந்தால் பெரும்பாலும் திரும்பப் போடலாம். ஆனால் சர்வீஸ் மேனுவலில் புதுசு போடு என்று இருந்தால் அதோடு வாதாட வேண்டாம், குறிப்பாக டிஸ்க் போல்ட்டுக்கு. மினுக்குகிறதே என்று கையில் கிடைத்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடாதீர்கள். சாதாரண ஏ2-70 ரகம் 8.8 ரக இரும்பு போல்ட்டைவிட வலு குறைந்தது. எந்த போல்ட்டானாலும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்குத்தான் இறுக்க வேண்டும்.

பிஸ்டனை வெளியே எடுத்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் இரண்டு ரப்பர் சீலும் (ஆயிலைத் தடுப்பது ஒன்று, தூசியைத் தடுப்பது ஒன்று) புதுசுதான். லீவரை விட்டதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பது, முறுக்கிக்கொண்டு திரும்பும், ஆயிலைத் தடுக்கிற அந்தச் சதுரச் சீல்தான், கெட்டிப்பட்டால் இழுக்காது. பிஸ்டனில் சீல் தொடும் இடத்தில் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பயன் இல்லை. கேலிப்பர் வழுக்கும் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியாமல் இருந்தால் போடலாம், சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிவிடும், பிரேக்குக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ் வையுங்கள்.

வடித்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்ப ஊற்றக்கூடாது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே லீவரைப் பலமுறை அழுத்துங்கள், புது பேடுக்கு இடம் விட உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது. ஹோஸைக் கழற்றியிருந்தால் பான்ஜோ போல்ட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அது உலர்ந்திருந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.