கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சியைக் கவனிக்கும் முறை

தோட்டத்துப் பூச்சிகளைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்குக் கறிவேப்பிலைச் செடியே ஏற்றது. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடி வந்து முட்டையிடுகின்றன. முற்பகல் வெயிலில் பெண் பூச்சி கொழுந்தின்மேல் படபடத்து, முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்த்து, வயிற்று நுனியை வளைத்தால், அது பறந்தபின் அவ்விடத்தில் கடுகளவு மஞ்சள் முட்டையைத் தேடலாம். அந்தக் காம்பில் நூல் கட்டி, தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொரித்துவரும் புழு தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவங்களாக வளரும்; முதல் நான்கு பருவங்களிலும் பறவை எச்சத்தைப் போலவே இருப்பதால், புதியவர்கள் பலர் அதைக் கண்டும் காணாமல் கடந்துவிடுவார்கள். ஐந்தாம் பருவத்தில் அது பச்சை நிறமாகிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற உறுப்பு ஒன்று நீண்டு, காரமான வாடையைப் பரப்பி உடனே உள்ளிழுத்துக்கொள்ளும். ஒருமுறை பார்த்தால் போதும்; மீண்டும் மீண்டும் சீண்டுவது தேவையற்றது.

கவனிக்கும் நாள்களில் வேப்பெண்ணெய் உட்பட எதையும் தெளிக்கக் கூடாது. இலைகள் குறையும், செடி சற்றுப் பெரியதென்றால் மீண்டும் துளிர்த்துவிடும். தீனியை நிறுத்திய புழு, தண்டில் பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதில் சிறு துளைகள் தென்பட்டால், அதன் உடலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியேறியிருக்கக்கூடும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.