தோட்டக் கொட்டிலுக்குக் கொங்கிரீட் தளம் போட்ட என் அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவு முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்பதால் மார்கழி மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். மண்வெட்டி, உரப்பை எல்லாம் வைக்கும் கொட்டிலில் ஈரம் ஏறி, மரக்கால்கள் உக்கத் தொடங்கின. ஆகவே ஆவணி வெயிலிலேயே 10 அடிக்கு 8 அடியில் தளம் போட்டேன்.

மேல்மண்ணை வேரோடு வாரிவிட்டேன். மணலை இறுக்கத் தண்ணீர் வேண்டும்: நன்றாக நனைத்து, இடித்து, திரும்பவும் நனைத்தேன். அதன்மேல் 4 அங்குலம் கிறவல் (சரளை மண்) போட்டு இடித்த பிறகு, ஏறி நின்றால் குதிக்கால் பதியவில்லை. பலகைச் சட்டம் அடித்து, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து சரிபார்த்தேன். தளம் சுற்று நிலத்தைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். கீழே தடித்த பொலித்தீன், நடுவில் கம்பி வலை.

கலவை 1:2:4, அதாவது சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, கல் நான்கு. 4 அங்குலத் தடிப்புக்கு 50 கிலோ சீமெந்து 5 பை போனது. ஆற்று மணல்தான் எடுக்க வேண்டும். கடற்கரை மணலில் உள்ள உப்பு கம்பியைத் தின்றுவிடும். தண்ணீரும் அளவோடுதான்; கலவை கஞ்சி மாதிரி ஓடினால் பலம் குறையும்.

அப்புறம், நம்ம வெயிலுக்கு ஈரச் சாக்குப் போர்த்தி ஒரு கிழமையாவது காயவிடாமல் நனையுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். கடைசியாகக் கால்களை இரும்புத் தகட்டில் ஏற்றி, தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். மரம் கொங்கிரீட்டில் நேரே படவேயில்லை.