கால்பந்துத் தொடருக்கு நுழைவுக் கட்டணம் வைப்பது எப்படி: வேலூர் வட்டாரக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டப் பகுதியில் கால்பந்துத் தொடர் நடத்தும் எந்தக் குழுவையும் ஒரு சுழல் எளிதில் பிடித்துக்கொள்ளும். செலவு கூடுகிறது, அதை ஈடுகட்ட நுழைவுக் கட்டணத்தை உயர்த்துகிறார்கள், கட்டணம் உயர்ந்ததும் கூட்டம் குறைகிறது, குறைந்த கூட்டத்தால் வந்த பற்றாக்குறையைச் சரிக்கட்ட அடுத்த ஆண்டும் கட்டணம் உயர்கிறது. கல்லூரித் திடலிலோ, நேதாஜி விளையாட்டரங்கிலோ, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துப் பள்ளித் திடல்களிலோ கட்டணம் வாங்கித் தொடர் நடத்த நினைப்பவர்கள் இந்தச் சுழலில் சிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடரின் செலவை வாசலில் நிற்கும் ரசிகரின் தலையில் கட்டக் கூடாது. அவர் வந்து உட்கார்வதுதான் மற்ற எல்லா வருமானத்துக்கும் அடிப்படை.

முதல் வேலை, ஏன் வரவில்லை என்று கண்டறிவது

கூட்டம் குறைந்தவுடன் கட்டணத்தைக் குறை சொல்வதும் தவறு, கட்டணத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று கை விரிப்பதும் தவறு. இங்கிலாந்து லீக் போட்டிகளுக்கு 1948-49 பருவத்தில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 1985-86 பருவத்தில் அது சுமார் 1 கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. அந்தச் சரிவுக்கு டிக்கெட் விலையைவிட, பாழடைந்த அரங்குகளும், ரசிகர்களுக்கிடையிலான வன்முறையும், குடும்பத்தோடு போக முடியாத அச்சமுமே பெரிய காரணங்கள். 1985 மே மாதம் பிராட்ஃபோர்டு சிட்டி அரங்கின் மர மேடையில் தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்தார்கள். அந்தச் சூழலில் எவ்வளவு மலிவாக டிக்கெட் விற்றாலும் கூட்டம் திரும்பியிருக்காது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபே அணியை 5-0 என வென்றதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள் என்று வேண்டிக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு, அதுவே அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம், கொட்டும் மழையிலும் அரங்கு நிறைந்தது. அந்தச் சில நாட்களில் மாறியது கட்டணம் அல்ல. ஒருவர் நேரடியாக அழைத்தார் என்பதுதான்.

விலையே காரணமாக இருந்த இடங்களும் உண்டு. லிவர்பூல் அணி தன் அரங்கின் உயர்ந்தபட்ச டிக்கெட்டை 77 பவுண்டாக்கப் போவதாக அறிவித்தபோது, 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அந்த உயர்வைக் கைவிட்டது.

ஆகவே கட்டணத்தைத் தொடுமுன், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்துவிட்டு, கடந்த ஆண்டு வராதவர்களைத் தேடிப் பேசுங்கள். குழு உறுப்பினர்களிடமும் ஆட்டக்காரர்களின் உறவினர்களிடமும் கேட்டுப் பயனில்லை. அவர்கள் எப்படியும் வருவார்கள். டீக்கடையில், சலூனில், ஷூ கம்பெனி வாசலில், கல்லூரி விடுதியில் கேளுங்கள். “டிக்கெட் அதிகம்” என்பவரிடம் அங்கேயே நிறுத்தாமல், பாதி விலை என்றால் வருவீர்களா என்றும் கேளுங்கள். பலர் அப்போதுதான் உண்மைக் காரணத்துக்கு வருவார்கள்: ஆட்டம் சொன்ன நேரத்தில் தொடங்குவதில்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, திரும்பிப் போகப் பேருந்து இல்லை.

ரசிகரின் மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

சீட்டில் அச்சாகும் தொகை, ஒரு குடும்பத்தின் செலவில் ஒரு பகுதி மட்டுமே. அணைக்கட்டிலிருந்து வேலூருக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். தலைக்கு 50 ரூபாய் என்றால் வாசலிலேயே 200 ரூபாய் போய்விடும். அதன்மேல் பேருந்துக் கட்டணம், பிள்ளைகளுக்குத் தின்பண்டம், தண்ணீர், இரவு நேரமானால் ஆட்டோ. அப்பா அன்றைக்கு மாலைநேர மிகைப்பணியை விட்டு வந்திருந்தால் அதுவும் செலவுதான். இந்தக் கூட்டுத்தொகையைத் தாளில் எழுதி, அதில் எதையெல்லாம் குழுவால் குறைக்க முடியும் என்று பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. எனவே நகரப் பேருந்து ஓடும் நேரத்துக்குள் ஆட்டம் முடிந்தாலே தாயும் மகளும் செலவில்லாமல் வீடு திரும்பலாம். உள்ளே தண்ணீரைக் குழுவே இலவசமாக வைத்தால் இன்னொரு செலவு மிச்சம். கட்டணத்தில் கை வைக்காமலேயே ஒரு குடும்பத்துக்கு நூறு ரூபாய் வரை மிச்சப்படுத்த முடியும் என்றால், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சென்னையின் எஃப்.சி. என்ற தொழில்முறை அணியின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பும் நம் ஊர்க்காரர், காட்பாடியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ரயிலில் சென்ட்ரல் போய், பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் இரவு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டி வீடு சேர வேண்டியிருக்கிறது. அங்கே டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது ஒரு முழு நாளின் செலவு. பக்கத்தில், சாயங்காலத்தில், சொன்ன நேரத்தில் நடக்கும் உள்ளூர்த் தொடருக்கு உள்ள பலம் இதுதான்.

வசூல் கணக்கு

மொத்தச் செலவை எதிர்பார்க்கும் கூட்டத்தால் வகுத்து வரும் தொகையைக் கட்டணமாக வைப்பதே பரவலான பழக்கம். அதை விட்டுவிடுங்கள். திடல் வாடகை, விளக்கு, ஜெனரேட்டர் டீசல், நடுவர் ஊதியம், பரிசுத் தொகை, மைக் செட், ஆம்புலன்ஸ் ஆகியவை 100 பேர் வந்தாலும் 1,000 பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றேதான். கூடுதலாக ஒருவர் உள்ளே வருவதால் குழுவுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். காலி இடமோ ஒரு ரூபாயும் தராது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கவும் முடியாது. 100 ரூபாயை 40 ஆக்கினால், வசூல் குறையாமலிருக்கக் கூட்டம் இரண்டரை மடங்காக வேண்டும். 300 பேர் வந்த இடத்தில் 750 பேர். அது நடக்குமா என்பதை ஊரின் அளவு, திடலின் கொள்ளளவு, ஆடும் அணிகள் ஆகியவற்றைப் பார்த்து நேர்மையாக மதிப்பிடுங்கள். 500 பேர்தான் வருவார்கள் என்று தோன்றினால் வாசல் வசூல் 30,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக இறங்கும். அந்த 10,000 ரூபாயை வேறு எங்கிருந்து எடுப்பது என்பதற்கு விடை இருந்தால் தைரியமாகக் குறைக்கலாம். கடை போடுபவர்களிடம் தரை வாடகை, பக்கவாட்டுப் பலகைகளில் விளம்பரம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆதரவாளர் என்று அதற்கு வழிகள் உண்டு. 500 பேர் நிற்கும் திடலில் பலகை வைக்க வரும் நகைக்கடையோ துணிக்கடையோ, 300 பேருக்கு அதே தொகையைத் தராது என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கும் பிராட்ஃபோர்டு சிட்டியையே பார்க்கலாம். தீ விபத்தைக் கண்ட அதே அணி, நான்காம் நிலைக்கு இறங்கிய பிறகு, 2007-08 பருவத்தில் பருவச் சீட்டின் விலையை 138 பவுண்டாகக் குறைத்தது. அந்த நிலையில் வேறெந்த அணிக்கும் எட்டாத வகையில் சராசரி வருகை 13,000-ஐத் தாண்டியது. அணி கீழ்நிலைக்கு இறங்கிய காலத்திலும் அரங்கு உயிரோடிருந்தது.

கட்டண அமைப்பு

தொடர் முழுவதற்குமான சீட்டை முன்கூட்டியே விற்பதுதான் என் முதல் பரிந்துரை. தனித்தனியாக வாங்குவதில் பாதித் தொகைக்குக் கொடுத்தாலும் குழுவுக்கு இழப்பில்லை: பணம் முதல் பந்து உருளுமுன்பே கைக்கு வருகிறது, வாங்கியவர் நடுவில் சாதாரண ஆட்டம் என்றாலும் வருகிறார், வரும்போது ஒருவரையாவது அழைத்து வருகிறார். விற்பனையை விளையாட்டுச் சாமான் கடைகளிலும் ஆடும் அணிகளின் தெருக்களிலும் வையுங்கள். பள்ளிச் சிறுவர்களுக்குப் பெரியவருடன் வந்தால் கட்டணம் வேண்டாம்.

திடலின் ஒரு பக்கத்தை நின்று பார்ப்பவர்களுக்கென மிகக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கி, நாற்காலி போட்ட பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கலாம். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் அணியின் தெற்குப் பக்க நிற்கும் மேடையில் ஏறத்தாழ 25,000 பேர் மலிவான சீட்டில் நிற்கிறார்கள். அந்த அரங்கின் பேரொலியே அவர்கள்தான். இங்கிலாந்து பிரீமியர் லீகிலும் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டை 2016-17 முதல் 30 பவுண்டுக்கு மேல் விற்பதில்லை. எதிரணி ஆதரவாளர்கள் இல்லாத ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பதை அந்தப் பணக்கார லீகே உணர்ந்திருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஓர் அணி வேலூருக்கு ஆட வந்தால், அந்த அணியோடு வேனில் வருபவர்களுக்குச் சலுகை கொடுங்கள்.

இறுதி ஆட்டத்தன்று மட்டும் கட்டணத்தைத் திடீரென மூன்று மடங்காக்குவது, தொடர் முழுவதும் வந்தவரை அவமதிப்பது. தேவையைப் பார்த்து விலையை ஏற்றி இறக்கும் முறையை 2026 உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்த ஃபிஃபாவே, எதிர்ப்பு வலுத்த பிறகு 60 டாலர் டிக்கெட்டுகளை அறிவிக்க நேர்ந்தது. கட்டணத்தைக் கூட்ட வேண்டுமென்றால் தொடரின் தொடக்கத்திலேயே அச்சிட்டு அறிவித்துவிடுங்கள்.

வரி விஷயத்தில், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உங்கள் தொடர் அந்த வரையறைக்குள் வருமா என்பதை மாவட்டச் சங்கத்திடமும், கேளிக்கை வரி பற்றி உள்ளாட்சி அலுவலகத்திலும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாளும் நேரமும்

கட்டணத்தை எவ்வளவு குறைத்தாலும் நாள் தவறினால் திடல் நிறையாது. மார்ச்சிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் பொதுத்தேர்வுகள். மே மாதத்தில் வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நடத்துவதானால் விளக்கொளியில்தான் நடத்த வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் குடியாத்தம் பக்கம் வேறு எதற்கும் கூட்டம் சேராது. பௌர்ணமியன்று பேருந்துகள் கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைப் பக்கம் திரும்பிவிடுவதால் மற்ற வழித்தடங்களில் நெரிசல் கூடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் ஆட்டம் வைப்பது, அந்த ஊர்களின் ரசிகர்களில் பெரும்பகுதியை வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால், கடைசி ஆட்டம் 9.30-க்குள் முடியும்படி பின்னோக்கி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வழக்கத்தை அடியோடு கைவிடுங்கள்.

உட்காரும் இடம்

பெரும்பாலான திடல்கள் வடக்கு தெற்காக அமைந்திருக்கும். மாலை நாலரை மணி ஆட்டத்தில் கிழக்குப் பக்கம் உட்கார்பவருக்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். கையை நெற்றியில் குடைபிடித்துக்கொண்டே முதல் பாதியைப் பார்ப்பார், இரண்டாம் பாதிக்கு இருக்க மாட்டார். நாற்காலிகளையும் ஷாமியானாவையும் மேற்குப் பக்கம் போடுங்கள். வெயில் முதுகுப்புறம் போய்விடும். கிழக்குப் பக்கத்தை நிற்பவர்களுக்கு விடுங்கள், அங்கே கட்டணமும் குறைவாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியும் பெண்களுக்கான தனிக் கழிப்பறையும் கட்டாயம்.

சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துத் தற்காலிக கேலரி கட்டுவதானால், பொறியாளரின் உறுதிச் சான்று இல்லாமல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் எழுவர் கால்பந்து ஆட்டத்தின்போது அப்படிப்பட்ட கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கேலரிக்குக் கீழே குப்பை சேரக் கூடாது. வெளியேறும் வழியைப் பூட்டக் கூடாது. பிராட்ஃபோர்டில் மேடைக்கு அடியில் சேர்ந்த குப்பையில்தான் தீ பிடித்தது, பின்பக்க வாயில்கள் பூட்டியிருந்ததால்தான் பலர் சிக்கினார்கள்.

வாசலில்

கட்டணத்தைப் பத்தின் மடங்காக வையுங்கள். 25, 35 என்று வைத்தால் சில்லறைத் தகராறிலேயே வரிசை நீண்டு, ஆட்டம் தொடங்கிய பிறகும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஒரு மேசையில் பணம், இன்னொன்றில் கியூ.ஆர். குறியீடு என இரண்டு வரிசைகள் போதும். சேவைக் கட்டணம் என்று எதையும் மேலே சேர்க்க வேண்டாம். சீட்டுகளை வரிசை எண்ணுடன் அச்சிட்டு, நாளுக்கு ஒரு நிறமாகக் கொடுங்கள். இலவச நுழைவு யார் யாருக்கு என்பதை எழுதி வாசலில் ஒட்டிவிட்டால், தெரிந்தவர் என்று உள்ளே விடும் பழக்கம் தானாகக் குறையும்.

ஒவ்வொரு நாளும் விற்ற சீட்டு, இலவசமாக வந்தவர்கள், ஆடிய அணிகள், தொடங்கிய நேரம், வானிலை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொடர் முடிந்த வாரத்திலேயே குழு கூடி, எந்த நாளில் கூட்டம் சரிந்தது, அன்று என்ன மாறியிருந்தது என்று அந்த நோட்டை வைத்துப் பேச வேண்டும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவுசெய்து, ஆடிய அணிகள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.