எறும்பு வந்தால் இலையிடுக்கைப் பாருங்கள்

கூடத்தில் இருக்கும் அக்லோனிமா என்ற அழகுச் செடியின் தொட்டியில் எறும்பு ஏறினால் எறும்பு மருந்தைத் தேடாதீர்கள். இலையை விலக்கி, காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. என் செடியில் இலை பிசுபிசுத்தபோது தூசி என்று நினைத்து ஒரு வாரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த மூன்று தொட்டிக்கும் பூச்சி ஏறிவிட்டது.

தோட்டத்தில் என்றால் பொறிவண்டும் குட்டிக் குளவிகளும் பார்த்துக்கொள்ளும். 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்டுப் பப்பாளியை நாசமாக்கிய மாவுப்பூச்சியே, 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியால்தான் அடங்கியது. வீட்டுக்குள் குளவி ஏது? நாம்தான் உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

தொட்டியை முதலில் தனியாக வைத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அக்லோனிமா சாறு பட்டால் அரிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு வெள்ளைத் திட்டிலும் ஒற்றுங்கள். மெழுகு கரைந்து பூச்சி நிறம் மாறும், அப்படியே துடைத்தெடுங்கள். முதல் நாள் ஒரே ஒரு இலையில் செய்து, மறுநாள் அது கருகவில்லை என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். விளக்கு, அடுப்புப் பக்கம் ஸ்பிரிட் வேண்டாம்.

பிறகுதான் வேப்பெண்ணெய். 5 மி.லி. எண்ணெயில் ஒரு டீஸ்பூன் காதி சோப்புக் கரைசலை விட்டுக் குழைத்து, பால் மாதிரி ஆனதும் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து இலையைச் சுட்டுவிடும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்டத் தெளியுங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பலர் தோற்கிறார்கள். அந்தப் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும், அதை மருந்து சரியாகத் தொடாது. ஏழு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை. நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

இலையில் ஒன்றும் இல்லாமலும் செடி சோர்ந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளையாக மாவு படிந்திருந்தால் மண்ணை முழுக்க உதறி, கழுவி, புது மண்ணில் நடுங்கள்.

நர்சரியிலிருந்து வரும் செடி எங்கள் வீட்டில் இப்போது மற்ற செடிகளோடு சேராமல் மூன்று வாரம் குளியலறை ஜன்னலில்தான் இருக்கும்.